சுவர் சாய இருபது ஆண்டு

பைசா நகரத்துக் கோபுரம் யாரையும் கேட்டுக்கொண்டு சாயவில்லை. மாட்ரிட்டில் 1996-இல் கட்டி முடித்த ‘ஐரோப்பிய வாசல்’ கோபுரங்கள் இரண்டும் வேண்டுமென்றே 15 பாகை சாய்ந்து ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அபுதாபியில் 18 பாகை சாய்ந்த கோபுரத்துக்குக் கின்னஸ்காரர்கள் 2010-இல் சான்றிதழே கொடுத்தார்கள். நம் ஊரில் தாங்குசுவர் கட்டும் மேஸ்திரி, அடியில் அகலமாகவும் மேலே போகப் போக ஒடுக்கமாகவும் கல்லடுக்க எவரிடமும் மனுப் போட்டதில்லை. இவர்கள் எல்லாரும் சாய்த்து முடித்து, சாய்ந்ததன் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்ட பிறகு, பெரிய பெரிய கட்டடக்கலை அலுவலகங்கள் ஆண்டுதோறும் வாடகை கட்டி வைத்திருக்கும் ‘ரெவிட்’ மென்பொருளின் சுவர்க் கருவி சாயக் கற்றுக்கொண்டது 2020 ஏப்ரலில். அதன் முதல் பதிப்பு வெளிவந்தது 2000 ஏப்ரலில். அடி பருத்து நுனி சிறுத்த சுவருக்கு இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இருபது ஆண்டும் சாய்ந்த சுவர் வேண்டியவர்கள் சும்மா இருந்தார்களா? ஒப்பேற்றினார்கள். ‘மாஸ்’ என்று ஒரு வெற்றுப் பிண்டத்தை உருவாக்கி, அதன் முகத்தில் சுவரை ஒட்டி, பிறகு பிண்டத்தைக் கண்ணில் படாமல் மறைத்தார்கள். அதற்கும் பொறுமையில்லாதவர்கள் கூரையைத் தூக்கி நிமிர்த்தி வைத்தார்கள். கிட்டத்தட்டச் செங்குத்தாக நிமிர்ந்த அந்தக் கூரை சுவர் வேடம் கட்டி வரைபடத்தில் நின்றது. சன்னலை அதில் வைக்கப் போனால், “நான் கூரை, சன்னல் ஏற்க மாட்டேன்” என்று அது குலப்பெருமை பேசியது. உடனே ஒரு வெற்றிடத்தை வைத்துக் கூரையை அறுத்து, சன்னல் மாதிரி ஒரு பொம்மையைச் செருகினார்கள். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்.

ரெவிட் பிறந்த கதையில் பொய்யில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இயந்திர வடிவமைப்பு மென்பொருள் செய்துகொண்டிருந்த லியோனிட் ரெய்ஸ், இர்வின் யுங்ரெய்ஸ் இருவரும் 1997-இல் தொடங்கிய சிறு நிறுவனத்தின் குழந்தை அது. கோடு வரையாதே, கட்டடத்தையே கணினிக்குள் கட்டு என்றார்கள். ஒரு கதவைத் தளப்படத்தில் நகர்த்தினால் முகப்புப்படத்திலும் வெட்டுப்படத்திலும் கதவுப் பட்டியலிலும் அது தானே நகரும். அருமையான யோசனை. 2002-இல் ஆட்டோடெஸ்க் அந்த நிறுவனத்தை 13.3 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. வாங்கியவர்கள் யோசனைக்குத் தங்கப் பூண் போட்டு உலகமெல்லாம் விற்றார்கள். யோசனைக்குக் கை கால் முளைக்க வைக்கும் வேலையை வாடிக்கையாளரிடம் விட்டுவிட்டார்கள்.

கைப்பிடிக் கம்பி போடும் ‘ரெயிலிங்’ கருவியைப் பற்றித் தனிப் புராணமே பாடலாம். ஒரு பாதையை வரைந்தால், அதன் மேல் சம இடைவெளியில் எதையாவது நட்டுக்கொண்டே போவது அதன் தொழில். இந்தக் குணத்தைக் கண்டுகொண்ட, கணினியில் கட்டடம் செய்யும் மாடலர்கள் அதை விட்டுவைப்பார்களா? கம்பி வேலியா, ரெயிலிங். சாலையோர விளிம்புக்கல்லா, ரெயிலிங். கூரை விளிம்பின் மழைநீர்க் காலா, மேல்தளத்தில் தொங்கும் மரச்சட்டமா, கார் நிறுத்துமிடத்துச் சக்கரத் தடுப்பா, மண்டபத்தில் வரிசையாகப் போட்ட நாற்காலியா, தெருவிளக்கா, எல்லாம் ரெயிலிங். மரம் நடுவதற்குக்கூட அதைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. ஒரே ஒரு வேலைதான் அதற்குச் சரியாக வராது. மாடிப்படி திரும்பும் இடத்தில் கைப்பிடியும் ஒழுங்காகத் திரும்ப வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு முனை மேலே நிற்கும், மறு முனை கீழே நிற்கும், நடுவில் காற்று இருக்கும். கைப்பிடியாக இருப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாமாக இருக்கத் தெரிந்த கைப்பிடி.

கண்ணாடி முகப்புக்கென்று வந்த ‘கர்ட்டன் வால்’ கதி இதைவிட மோசம். கழிப்பறைத் தடுப்பு, புத்தக அலமாரி, தரை ஓடு, ஜாலிச் சுவர், பந்தல் எல்லாம் அதன் தலையில். சுவரோரத் தரைப்பட்டிக்கு நேரான வழி ஒன்று உண்டு, அது கோணல்மாணலான இடங்களில் கைவிட்டுவிடும். ஆகவே சுவரை ஒட்டிப் பத்து மில்லிமீட்டர் கனத்தில் இன்னொரு குட்டிச் சுவர். சாய்தளக் கருவிக்குத் தரையைப் போல அடுக்கடுக்காகப் பொருள் வைக்கத் தெரியாது. அதனால் மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் பாதி இடங்களில் ஒரு பக்கம் தூக்கிய தரை. நிலத்தைக் காட்டும் கருவி 2023 வரை கனமில்லாத வெறும் தோலாகத்தான் இருந்தது. மண்ணுக்குக் கனம் உண்டு என்ற செய்தி மென்பொருளின் காதுக்கு எட்ட இருபத்து மூன்று ஆண்டு பிடித்தது.

நம் ஊர்க் கட்டடத்தை இதற்குள் கொண்டு போனால் இன்னும் வேடிக்கை. சன்னலுக்கு மேல் சன்ஷேடு இல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? அந்தப் பெயரில் ஒரு கருவி அங்கே இல்லை. வெயில் கொளுத்தும் ஊரின் சன்ஷேடு சிலர் கோப்பில் தரை, சிலர் கோப்பில் சுவரின் விளிம்புப்பட்டி, சிலர் கோப்பில் ‘பொதுப்பொருள்’. பரணும் அப்படியே. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைவிட்டமாக அடுக்கும் மெட்ராஸ் டெரஸை உள்ளது உள்ளபடி காட்ட நினைத்தவர் அன்று வீட்டுக்குப் போக மாட்டார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மென்பொருளும் நம் ஊர் நடைமுறையும் அச்சாகப் பொருந்துகின்றன. சுவரின் அடுக்குகளில் நீர்த்தடுப்புப் படலம் என்று ஒன்றைக் குறித்தால், அதன் கனம் பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும் என்பது ரெவிட்டின் விதி. நம் ஒப்பந்ததாரர்கள் பலர் அதே விதியைக் கணினி வருவதற்கு முன்பிருந்தே கடைப்பிடித்து வருகிறார்கள்.

இதற்கெல்லாம் ஒரு கெட்டிக்காரர் பதில் தயாராக இருக்கும். எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு, அந்தக் காலத்து வரைபலகைக்கு மட்டும் இல்லையா என்பார். உண்டுதான். ஆனால் வரைபலகை ஒருநாளும் தனக்குக் கட்டடம் தெரியும் என்று சொல்லிக்கொண்டதில்லை. மூலைமட்டத்தைக் கொஞ்சம் திருப்பினால் கோடு சாய்ந்தது. அது சுவரா, கூரையா, வேலியா என்பதைப் படிக்கிற கொத்தனார் முடிவு செய்தார். கோடு யாரையும் ஏமாற்றவில்லை. இங்கே கதை வேறு. ‘கட்டடத் தகவல் மாதிரி’, சுருக்கமாக ‘பிம்’ என்று பெயர் சூட்டி, நடுவில் இருக்கும் தகவல் என்ற சொல்லுக்குத்தான் காசு வாங்குகிறார்கள். ஒவ்வொரு பொருளின் நெற்றியிலும் அது இன்னது என்று பச்சை குத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பச்சையை மனிதர் படிப்பதற்கு முன் இன்னொரு இயந்திரம் படிக்கிறது.

படித்துவிட்டு என்ன ஆகிறது? அளவுப்பட்டியல் எடுக்கிறவர் பொத்தானை அழுத்தினால், குட்டிச் சுவராகப் போட்ட தரைப்பட்டியெல்லாம் சுவர்க் கணக்கில் ஏறுகிறது. பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பு கூடுகிறது. வேலியின் நீளம் கைப்பிடியின் நீளத்தோடு கலந்து ஒரே தொகையாக வருகிறது. கோப்பை ஐஎஃப்சி என்ற பொதுவடிவத்தில் மாற்றி அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பினால், அலமாரியாக நின்ற கர்ட்டன் வால் கண்ணாடி முகப்பாகவே போய்ச் சேர்கிறது. குளிரூட்டும் சுமையைக் கணக்கிடுகிற பொறியாளர், அறைக்கு நடுவில் இவ்வளவு கண்ணாடி எதற்கு என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார். அவரும் கேள்வி கேட்டு மின்னஞ்சல் போடுவதில்லை. எண்ணைக் கையால் மாற்றிவிட்டு நகர்கிறார். ஒப்பேற்று வேலை தொற்றுநோய்.

அளவுகளின் கதையைக் கேட்டால் வயிறு எரியும். அளவுக்கோட்டின் மேல் உண்மையான எண்ணை அழித்துவிட்டு வேறு எண்ணை எழுத ரெவிட் விடாது. விவரம் வேண்டுமானால் எழுது, எண் எழுதாதே என்று மறித்துவிடும். இவ்வளவு குறை சொல்லும் நானே எழுந்து நின்று கும்பிட வேண்டிய விதி இது. நம் ஆட்கள் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத ஓர் எழுத்துருக் குறியை முதலில் ஒட்டி, அதன் பின்னால் வேண்டிய எண்ணை எழுதினால் மென்பொருள் அதை எண் என்று அறியாது. சுவர் 2985 மில்லிமீட்டரில் நிற்கும், தாள் 3000 என்று பேசும். 2985-ஐத் திருத்தி 3000 ஆக்க அரைமணி நேரம் ஆகும், ஏமாற்ற அரை நிமிடம் போதும். கட்டுமான இடத்தில் வெயிலில் நிற்கும் மனிதர், அந்தப் பதினைந்து மில்லிமீட்டருக்காகக் கதவுச் சட்டத்தைச் செதுக்கிக்கொண்டிருப்பார். திட்டு அவருக்குத்தான் விழும்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது: ‘மாஸ்கிங் ரீஜன்’. பிசகு நடந்த இடத்தின் மேல் வெள்ளையாக ஒரு திட்டை ஒட்டிவிட்டால் கீழே இருக்கும் அலங்கோலம் தாளில் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை நாம் இதுவரை பழமொழியாகத்தான் வைத்திருந்தோம். அதை ஒரு கருவியாகவே பட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

“சார், லேண்டிங்ல கைப்பிடி சேர மாட்டேங்குது.”

“பிளான்ல தெரியுதா?”

“தெரியுது சார்.”

“மாஸ்க் போட்டு மூடுப்பா. செக்‌ஷன்ல ரெண்டு கோடு இழுத்துவிட்டுரு. ஆறு மணிக்கு சப்மிஷன்.”

“த்ரீடி பார்ப்பாங்களே சார்?”

“யாருய்யா பார்க்கப் போறா?”

இந்த உரையாடல் தமிழில் நடப்பது கற்பனையின் வசதிக்காக அல்ல. சென்னையிலும் கோவையிலும் அயல்நாட்டுக் கட்டடங்களுக்கு மாதிரி செய்து அனுப்பும் அலுவலகங்கள் மலிந்திருக்கின்றன. லண்டனில் நிற்கப்போகும் மாடிப்படி, டீயும் ஆறிய சமோசாவும் பக்கத்தில் இருக்க, இங்கே பின்னிரவில் திருப்பப்படுகிறது. பிரிட்டன் அரசு தன் பொதுத் திட்டங்கள் எல்லாம் 2016 முதல் பிம் முறையில் வர வேண்டும் என்று 2011-லேயே அறிவித்தது. சிங்கப்பூர் 2016-க்கு முன்பே அரசு ஒப்புதலுக்கு இந்த மாதிரிகளைக் கேட்கத் தொடங்கியது. அங்கே சட்டம் கடுமையாகக் கடுமையாக, இங்கே ஷிப்ட் நீண்டது. ‘எப்படியாவது பண்ணிடு’ என்ற சொல்லில் எத்தனை மணி நேரம் அடங்கியிருக்கிறது என்பது எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. கைப்பிடி சேராத ராத்திரிக்கு மென்பொருள் கம்பெனியும் காசு கொடுப்பதில்லை, வாடிக்கையாளரும் கொடுப்பதில்லை, முதலாளியும் கொடுப்பதில்லை. மாடலர் தம்பி தன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறான்.

அவன் கொடுத்ததை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். லண்டன் கிரென்ஃபெல் கோபுரம் 2017 ஜூனில் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு நடந்த ஹாக்கிட் ஆய்வு, உயரமான குடியிருப்புகளின் தகவலைப் பொன்னிழையாக, அறாமல், மின்வடிவில் காக்க வேண்டும் என்றது. 2022-இல் சட்டமும் வந்தது. 18 மீட்டர் உயரத்தையோ ஏழு தளத்தையோ எட்டினால், கட்டடம் இருக்கும் வரை அதன் பதிவு இருக்க வேண்டும், நம்பத் தக்கதாக இருக்க வேண்டும். நல்ல சட்டம், செத்தவர்கள் விலை கொடுத்து வாங்கிய சட்டம். அந்தப் பதிவுக்குள் போகிற மாதிரியில் கூரை சுவராகவும், வேலி கைப்பிடியாகவும், பிசகு வெள்ளைத் திட்டாகவும் இருந்தால் அந்த இழையை என்னவென்று சொல்வது? முப்பது ஆண்டு கழித்து இந்தச் சுவர் எத்தனை மணி நேரம் தீ தாங்கும் என்று தேடுகிறவர் முன் ஒரு கூரை வந்து நிற்கும்.

பயன்படுத்துகிறவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2020 ஜூலையில் பிரிட்டனின் முன்னணிக் கட்டடக்கலை அலுவலகங்கள் பல ஆட்டோடெஸ்க் தலைவர் ஆண்ட்ரூ அனக்னோஸ்டுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதின. சாஹா ஹதித், கிரிம்ஷா போன்ற பெயர்கள் அதில் இருந்தன. விலை ஏறிக்கொண்டே போகிறது, மென்பொருள் வளரவில்லை என்பதே சாரம். கட்டடக்கலைக்கான வசதிகள் வளர்ந்த வேகம் போதாது என்பதைத் தலைவரும் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்வதற்குச் செலவில்லை. 2022-இல் நார்டிக் நாடுகளின் கட்டடக்கலைஞர் சங்கங்கள் இன்னொரு கடிதம் எழுதின. கடிதம் எழுதுவதில் கட்டடக்கலைஞர்கள் கை தேர்ந்துவிட்டார்கள். கம்பெனியோ கணக்கு எழுதுவதில் கை தேர்ந்தது. 2025 ஜனவரியோடு முடிந்த நிதியாண்டில் அதன் மொத்த வருவாய் 613 கோடி டாலர்.

கோபித்துக்கொண்டு வெளியே போவதும் எளிதல்ல. ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தை 2016-இல் விற்பதை நிறுத்திவிட்டார்கள். இனி வாடகைதான். வாடகை கட்டாவிட்டால் உங்கள் கட்டடத்தில் நீங்களே ஒரு கோட்டைத் திருத்த முடியாது. ரெவிட் 2024-இல் சேமித்த கோப்பை 2023 திறக்காது, பழைய பதிப்புக்காகச் சேமித்துக் கொடுக்கவும் வழி வைக்கவில்லை. கூட்டாளி அலுவலகம் புதிது வாங்கினால் நீங்களும் வாங்கியே தீர வேண்டும். எதிர்ப்பக்கம் இருக்கும் போட்டி மென்பொருளான ஆர்ச்சிகேட்காரர்கள் சுவரைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சாய்த்துவிட்டார்கள் என்பது உண்மை. அவர்களும் இப்போது வாடகைத் திண்ணையில் பாய் விரித்துக்கொண்டிருக்கிறார்கள். பணம் படைத்தவர்களுக்கு வேறு கணக்கு. ஃபிராங்க் கெரி 1997-இல் திறந்த பில்பாவ் அருங்காட்சியகத்துக்கு விமானம் வடிவமைக்கும் கேட்டியா மென்பொருளையே கொண்டு வந்தார். மதுரையில் மூன்று மாடி வணிக வளாகம் செய்கிறவர் விமானத்துக்கு எங்கே போவார்?

கம்பெனியைத் திட்டுவது சுலபம், அதில் ஒரு சுகமும் இருக்கிறது. எனக்கு அதைவிடக் கோபம் நம் பக்கத்து ஆட்கள் மேல். ஒப்பேற்றுவதை ஒரு கலையாக்கி, அதற்கு ஆசான்களை உருவாக்கி, பயிற்சிக்கூடம் வைத்துச் சான்றிதழும் கொடுக்கிறோம். ரெயிலிங்கை வைத்துத் தோரணம் கட்டத் தெரிந்தவர் நிபுணர். இதை ஏன் ரெயிலிங்கில் செய்ய வேண்டும் என்று கேட்கிற பெண்ணுக்கு நேர்காணலில் மதிப்பெண் குறைவு. ஓட்டையைச் சுற்றிப் போகத் தெரிந்தவருக்குப் பதவி உயர்வு கிடைப்பதால், ஓட்டை அப்படியே இருப்பதில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. கம்பெனிக்கு இதைவிட என்ன வேண்டும்? தன் குறைக்குக் காவலாளிகளைத் தானே தேடாமல், சம்பளமும் கொடுக்காமல் பெற்றிருக்கிறது.

கல்லூரிகளில் நடப்பது இன்னும் கொடுமை. மாணவர் ஒரு வளைந்த கூரையைக் கையால் கிறுக்கிக் காட்டுகிறார். “ரெவிட்ல வருமா?” என்பதே முதல் கேள்வி. வராது என்றால் கூரை நேராகிறது, தூண் சதுரமாகிறது, சுவர் செங்குத்தாகிறது. முற்றமும் திண்ணையும் சாய்ந்த ஓட்டுக்கூரையும் நம் தாத்தாக்கள் வரைபடமே இல்லாமல் கட்டியவை. பேத்திக்கு அவை ‘சப்போர்ட் பண்ணாத’ வடிவங்கள் ஆகிவிட்டன. எங்கோ பாஸ்டன் பக்கத்தில் யாரோ எழுதாமல் விட்ட நிரல், இங்கே ஒரு வீட்டின் முகத்தைத் தீர்மானிக்கிறது. ஊருக்கு ஊர் ஒரே பெட்டி நிற்பதற்கு வாஸ்து மட்டும் காரணமில்லை.

இப்போது புதிதாக ஒரு பஜனை கேட்கிறது. செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் வரைந்துவிடுமாம். நூறு வகை மாடித் திட்டம் ஒரு நொடியில் வருமாம். வரட்டும். அந்த நூறு திட்டத்திலும் மாடிப்படி திரும்பும் இடத்தில் கைப்பிடி சேருமா என்று கேட்டால் மேடையில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.

மாடலர் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நாளை காலையே மென்பொருள் திருந்தப் போவதில்லை, ஒப்பேற்றாமல் உங்களுக்கும் பிழைப்பு ஓடாது. ஒப்பேற்றுங்கள், ஆனால் திருடனைப் போலச் செய்யாதீர்கள். வேலியை ரெயிலிங்கில் போட்டால் வகைப்பெயரிலேயே வேலி என்று எழுதுங்கள். ஐஎஃப்சி-க்கு மாற்றும்போது எந்த இனமாகப் போக வேண்டும் என்று குறிக்க ஒரு கட்டம் காலியாகக் கிடக்கிறது, அதை நிரப்புங்கள். கோப்போடு ஒரு தாள் போகட்டும், எது எதன் வேடத்தில் நிற்கிறது என்று. அளவுக்கோட்டின் மேல் பொய் எண் எழுதச் சொன்னால், சொன்னவரின் பெயரோடு மின்னஞ்சலில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது, பொய்யும் வராது.

முதலாளிமார்களே, கைப்பிடி சேராத ராத்திரிகளை இனி நேரக்குறிப்பில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். இத்தனை மணி நேரம், இந்தக் கருவியின் குறைக்காக, இவ்வளவு தொகை. வாடகை புதுப்பிக்க விற்பனையாளர் புன்னகையோடு வரும்போது அந்தத் தாளை முதலில் அவர் கையில் கொடுங்கள். வாடகையில் கழிக்க மாட்டார்கள், தெரியும். ஆனால் இத்தனை ஆண்டாக யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது அப்போதாவது எழுத்தில் இருக்கும்.